தீத்து இரண்டு பதினேழு

என் கடையில் புரூஃப் பார்க்காமல் எதையும் அச்சடிப்பதில்லை. ஒரு கல்யாணப் பேனரில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் தவறுதலாக 'அமரர்' என்று போட்டுவிட்டு, அந்த மனிதர் முன்னாலேயே நின்று நான் முழித்த முழி எனக்கு ஜென்மத்துக்கும் போதும். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டேன். யாராக இருந்தாலும் திரை முன்னால் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, தாளில் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும்.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. எங்கள் சபையின் பேனர். முதல் முறை நான் புரூஃபை நீட்டியபோது சபைச் செயலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தேவ வசனத்துக்கே புரூஃபா?" என்றார். கூட வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. அதற்குப் பிறகு சபையிலிருந்து வரும் வசனங்களை மட்டும் அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தபடியே அடித்துக் கொடுத்துவிடுவேன். பதினோரு வருடமாக அப்படித்தான்.

செயலரை நான் மனதுக்குள் 'ஆணி' என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அது அடித்த இடத்தில் நிற்கும். பிடுங்குவதற்கு எங்கள் சபையில் யாரிடமும் குறடு கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்துத் தட்டினார்.

"பன்னெண்டுக்கு நாலு அடி. வர்ற ஞாயிறு குடும்ப ஞாயிறு. பீடத்துக்கு மேல கட்டணும்."

சீட்டைப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை, எங்கள் சபையில் பேசத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த வசனம் அது. 'வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போகிற மனைவி தேவசமுகத்தை விட்டும் போகிறாள்.' கீழே வசன எண், தீத்து 2:17. பைபிளில் தீத்து என்ற நிருபம், இரண்டாம் அதிகாரம், பதினேழாம் வசனம்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடு, சீக்கிரமே வந்துடச் சொல்லி. அவளையும் அவ புருஷனையும் இந்தப் பேனருக்குக் கீழ நிறுத்தி, ஜெபம் பண்ணி, அப்படியே அனுப்பிடலாம்னு கமிட்டில முடிவாயிடுச்சு."

"எங்க அனுப்பறதா முடிவு?"

"இது என்ன கேள்வி? அவ வீட்டுக்கு."

"அவ வீடு இப்ப இந்தக் கடை மாடியில இருக்கு, ஐயா."

"புருஷன் இருக்கற இடம்தான் வீடு. அவ ஒத்துக்கிட்டா. நீ குறுக்க விழாதே" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ ஒத்துக்கிட்டா. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அக்கா ஒரு பையும், வலது கையில் மாவுக்கட்டுமாக என் கடை மாடிக்கு வந்தாள். கீழே விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அதற்கு முன்னால் இருந்தவை எல்லாம் துணிக்குள் மறைகிற காயங்கள். மணிக்கட்டை மறைக்க முடியவில்லை, அதனால்தான் வந்தாள். இன்னமும் அந்தக் கையால் ஒரு பாட்டில் மூடியைத் திருக முடியாது. படி இறங்கி வந்து பேசாமல் என்னிடம் நீட்டுவாள். நான் திறந்து கொடுப்பேன்.

சபையில் அத்தானைப் பிடிக்காதவர் கிடையாது. பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. சாவு வீடாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி தூக்குவார். கிழவிகளைக் கைபிடித்துப் படியிறக்கிவிடுவார். அந்தக் கையை வீட்டுக்குள் பார்த்தவள் அக்கா ஒருத்திதான். அவள் சொன்னபோது கமிட்டியில் ஒருவர்கூட நம்பவில்லை. நம்பிய ஒன்றிரண்டு பேரும், அதற்காக வீட்டை விட்டு வரலாமா என்றார்கள். உடனே தீத்து இரண்டு பதினேழு வந்தது. அக்காவுக்குத் திருவிருந்து கிடையாது, அப்பமும் ரசமும் வாங்க அவள் வரக் கூடாது என்றார்கள். பதினெட்டு வருடமாக அவள் நடத்திவந்த ஓய்வுநாள் பள்ளி வகுப்பையும் எடுத்துக்கொண்டார்கள். புருஷனிடம் போனால் இரண்டும் திரும்பக் கிடைக்கும்.

திருவிருந்து போனதை அவள் தாங்கிக்கொண்டாள். வகுப்பு போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அக்காவுக்குப் பிள்ளையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவளுக்கு நாற்பது பிள்ளைகள்.

அவள் வகுப்பில் வசனம் தேடும் போட்டி ஒன்று உண்டு. நானும் வேடிக்கை பார்க்கப் போவேன். பிள்ளைகள் பைபிளை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். அக்கா வசனத்தின் எண்ணை இரண்டு தரம் சொல்லுவாள். பிறகு "தேடு!" என்பாள். பொரி வறுக்கிற மாதிரி பக்கங்கள் படபடக்கும். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் எழுந்து வாசிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் எழுந்தால் அம்பேல். "நின்னா வாசிக்கணும், வாசிக்க ஒண்ணுமில்லன்னா நிக்கக் கூடாது" என்பது அவளுடைய சட்டம். இப்போது சபையில் இருக்கிற முப்பது வயதுக்காரர்கள் வரை எல்லோரும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவர்கள்தான்.

ஆணி போனதும் மாடிக்கு ஏறினேன். அக்கா கட்டிலின்மேல் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் மடிப்பதால் எதுவும் நேராக வரவில்லை.

"ஒத்துக்கிட்டியாமே?"

"ம்."

"அந்த ஆளு மறுபடி அடிச்சா?"

"அடிக்க மாட்டேன்னு பாஸ்டர் முன்னாடி சத்தியம் பண்ணியிருக்காரு."

"எத்தனாவது சத்தியம் இது?"

அவள் இன்னொரு புடவையை எடுத்து மடித்தாள். "வசனம் இருக்கேடி. நானே எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு எனக்குன்னு வரும்போது ஓடி ஒளிஞ்சா நான் என்ன டீச்சர்?" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

கீழே வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்ய விரல் வரவில்லை. என் அக்காவை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்போகிற வரியை நானே பன்னிரண்டு அடிக்கு அடித்துக் கொடுக்க வேண்டுமாம். அதற்கு முன்னும் பின்னும் என்னதான் எழுதியிருக்கிறது, ஏதாவது சந்து பொந்து இருக்காதா, 'அடிக்கிற புருஷனைத் தவிர' என்று ஒரு சின்னச் சொல்லாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று பார்க்கத் தோன்றியது. மேஜை இழுப்பறையிலிருந்து பைபிளை எடுத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மேலே படிந்திருந்த ஃபிளெக்ஸ் தூசியை ஊதிவிட்டுத்தான் திறந்தேன்.

தீத்து சின்னப் புத்தகம், மூன்றே அதிகாரம். இரண்டாம் அதிகாரம் பதினைந்தாம் வசனத்தோடு முடிந்துவிட்டது.

முதலில் என் தொழில் புத்திதான் வேலை செய்தது. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். பக்க எண்ணைப் பார்த்தேன், வரிசையாக இருந்தது. தையலை விரித்துப் பார்த்தேன், தாள் எதுவும் கழன்றிருக்கவில்லை. கைபேசியில் பார்த்தேன், பதினைந்து. பழைய மொழிபெயர்ப்பு, புதிய மொழிபெயர்ப்பு, ஆங்கிலம் எல்லாவற்றிலும் பதினைந்து. சரி, எண் மாறியிருக்கும், வசனம் வேறு எங்காவது இருக்கும் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடினேன். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை அப்படி ஒரு வசனம் எங்கேயும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு போன மூன்று குடும்ப ஞாயிறுகளுக்கும் அதைப் பேனராக அடித்துக் கொடுத்தவள் நான்தான் என்பது ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அக்காவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என்மேல் எரிந்து விழுந்தாள்.

"உன் பைபிள்ல கிழிஞ்சிருக்கும். ஒழுங்கா வச்சிருந்தாத்தானே!"

"உன்னோடத எடுத்துப் பாரு."

அவளுடைய பைபிள் பிள்ளைகள் கைபட்டு முனை மழுங்கியது. அட்டையின் உள்பக்கம் போட்டியில் ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கிற நட்சத்திர ஸ்டிக்கர் தாள் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. திறந்தாள். விரல் வைத்து இறங்கினாள். பதினைந்தில் நின்றாள். பக்கத்தைத் திருப்பி, மறுபடி முன்னால் வந்து, மறுபடி இறங்கினாள். அவள் முகம் அப்படி வெளிறிப்போனதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாவுக்கட்டோடு வந்த அன்றைக்குக்கூட அப்படி இல்லை.

"இத எப்படி நீ பாக்காம விட்ட?" என்று கேட்டேன். "வாராவாரம் தேடு தேடுன்னு பிள்ளைங்கள விரட்டுவியே."

"இது மனப்பாட வசனம். சார்ட்ல இருக்கும். தெரிஞ்சத எதுக்குத் தேடணும்னு போட்டியில சேர்க்க மாட்டேன்." பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் வகுப்பு எடுத்த முதல் வருஷம். ஐயாதான் லிஸ்ட் குடுத்தாரு. இதுக்கு மட்டும் நம்பர் இல்ல. கேட்டேன். நாற்காலியிலேருந்து திரும்பாமலே 'தீத்து ரெண்டு பதினேழு'ன்னாரு. எழுதிட்டேன். ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

கடையில் சபைக்கு மட்டும் புரூஃப் பார்க்காத நான் அவளை என்ன சொல்ல முடியும்?

"சுருட்டை" என்றாள் திடீரென்று.

சுருட்டை அவளுடைய மாணவி. சுருள் முடி என்பதால் வகுப்பில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வசனப் போட்டியில் அவளை யாரும் முந்தியதில்லை. இப்போது கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையோடு, ஆலயத்தில் இரண்டாவது வரிசையில் புருஷன் பக்கத்தில் உட்காருகிறாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்ட வந்தா. கண்ணுக்குக் கீழ வீங்கியிருந்துச்சு. 'டீச்சர், அம்மா வீட்டுக்குப் போயிடலாமான்னு இருக்கு'ன்னா. நான் இந்த வசனத்தைச் சொன்னேன். அவளும் கூடவே சேர்ந்து சொன்னா. ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்டி. அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா."

அப்போதுதான் அழுதாள்.

வியாழக்கிழமை மத்தியானம் இருவரும் ஆலயத்தின் பின்னால் இருக்கும் கமிட்டி அறைக்குப் போனோம். போதகரும் ஆணியும் இருந்தார்கள். போதகர் எங்கள் சபைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நல்ல மனுஷர். ஆனால் ஆணி உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

அக்கா பைபிளை மேஜைமேல் வைத்தாள். "பாஸ்டர், தீத்து ரெண்டு பதினேழ எடுத்து வாசிங்க."

அவர் சிரித்த முகமாகத்தான் எடுத்தார். திருப்பினார். திரும்பவும் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடிமேல் குற்றம் ஒன்றும் இல்லை.

"ஐயா," என்று ஆணியைப் பார்த்தார். "இங்க பதினஞ்சோட முடியுது."

"மூல பாஷையில இருக்கும்" என்றார் ஆணி.

"மூல பாஷை உங்களுக்குத் தெரியுமா, ஐயா?" என்று கேட்டேன்.

"நீ பேனர் அடிக்கறவ. உன் வேலையப் பாரு."

"அதத்தான் பாத்தேன். பாத்ததாலதான் இது மாட்டிச்சு."

போதகர் எழுந்து அலமாரியிலிருந்து சபையின் பொன்விழா மலரை எடுத்தார். எங்கேயோ படித்த ஞாபகம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். முதல் போதகரின் பிரசங்கக் குறிப்பு ஒன்றில் அந்த வாக்கியம் இருந்தது. எண் எதுவும் இல்லை. அவர் பேசும்போது சொன்ன அவருடைய சொந்த வாக்கியம், அவ்வளவுதான். செத்துப்போன ஒரு மனிதர் என்றைக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்ன அபிப்பிராயம்.

"நம்பர் நீங்கதானே ஐயா குடுத்தீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கு இருக்கு."

போதகர் இருமினார். "எண்ணுல ஏதோ தவறு நடந்திருக்கு. ஆனா கருத்து வேதத்துல இருக்கேம்மா. மனைவி கீழ்ப்படியணும்னு எத்தனை இடத்துல வருது. இங்க பாருங்க, கொலோசெயர்லயே..." என்று சரசரவென்று திருப்பி விரலை வைத்தார்.

"அது இருக்கு, பாஸ்டர். எனக்கும் தெரியும். அதுக்கு அடுத்த வரிய வாசிங்க."

அவர் அடுத்த வரியைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

"எந்தப் பிரசங்கத்துலயும் அந்த விரல் அடுத்த வரிக்கு இறங்கினதே இல்ல. நானும் இறக்கினதில்ல. இன்னிக்கு வாசிங்க."

"புருஷங்க மனைவிங்கமேல அன்பா இருக்கணும்... அவங்ககிட்ட கசந்துக்கக் கூடாதுன்னு இருக்கு" என்றார் குரலை இறக்கி.

அக்கா வலது கையை மேஜைமேல் வைத்தாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றது. "கசந்துக்கவே கூடாதுன்னா, இது எதுல சேரும்?"

போதகர் அந்தக் கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அந்தப் பரிதாபமே அடுத்த நொடி எரிச்சலாகிவிட்டது.

ஆணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேரம் பேசுகிற குரல் வந்தது. "சரி. ஒரு வரிக்காக சபையக் கலைக்க வேண்டாம். நம்பர எடுத்துடு" என்றார் என்னிடம். "வசனம் மட்டும் இருக்கட்டும். யாரு கேக்கப் போறா?" பிறகு அக்காவிடம், "நீ ஞாயித்துக்கிழமை வந்து நில்லு. அடுத்த வாரமே வகுப்பு உன் கையில. இந்தப் பேச்சு இந்த ரூமோட முடிஞ்சிடணும்."

சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஓய்வுநாள் பள்ளி அறை. அக்கா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி. வர்றேன்" என்றாள்.

தெருவில் இறங்கியதும் எனக்கு வாய் அடங்கவில்லை. "இல்லாத வசனத்துக்காகவா போற? இப்பத்தான் கண்ணால பாத்தியே!"

"வசனம் இல்லாட்டியும் சபை இருக்கு. அந்தப் பிள்ளைங்க இருக்கு. அஞ்சு மாசமா அதுங்க முகத்த ரோட்டுல வச்சுத்தான் பாக்கறேன். உனக்குப் புரியாது."

"நல்லாப் புரியுது. கை போனாலும் பரவாயில்ல, வகுப்பு வேணும் உனக்கு."

சொல்லிய உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முன்னால் நடந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாட்டில் மூடியைக்கூடப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலையில் பேனருக்கு உட்கார்ந்தேன். வாக்கியத்தைப் போட்டேன், கீழே எண்ணைப் போட்டேன். எண்ணை எடுக்கச் சொல்லியிருந்தார். எடுக்கப் போனேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையில்லாத சொல்லை வைத்துக்கொண்டு, அது பொய் என்று காட்டிக்கொடுக்கிற ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுக்க வேண்டுமாம். அதனால் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். எண் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு அடி வெள்ளைத் துணி. அச்சுமுனை போய்ப் போய் வந்தது, ஒரு சொட்டு மை விழவில்லை. கடைசியில் வலது மூலையில் மட்டும் கறுப்பாக நான்கு விரல்கடை உயரத்துக்கு விழுந்தது: தீத்து 2:17.

சாயங்காலம் பேனரைச் சுருட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். புரூஃப் தாளையும் எடுத்துப்போனேன். ஆணி நாற்காலி போடுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, புரூஃப்."

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? தேவ வசனத்துக்கே புரூஃபா? எடுக்கச் சொன்னத எடுத்தியா?"

"எடுக்க வேண்டியத எடுத்துட்டேன், ஐயா. கடைச் சட்டம், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

ஒழியட்டும் என்று தாளை வாங்கி, ஒரு நாற்காலியின் முதுகில் வைத்து, பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானே ஏணியில் ஏறி, சுருள் பிரியாமல் பேனரைக் கட்டிவிட்டு வந்தேன். எங்கள் சபையில் ஆராதனை நடுவில் கயிற்றை இழுத்துத்தான் பேனரைத் திறப்பது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் பையோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். அத்தான் குழுவோடு நின்று பாடினார். நன்றாகத்தான் பாடினார், அதில் குறை சொல்ல முடியாது. பாட்டு முடிந்ததும் போதகர் இருவரையும் பீடத்தண்டை வரச் சொன்னார். அத்தான் முதலில் போய், கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். ஆணி எழுந்து கயிற்றை இழுத்தார்.

சுருள் அவிழ்ந்து விழுந்தது. வெள்ளை. வெறும் வெள்ளை. மூலையில் மட்டும் அந்த எண்.

"பிரிண்ட் ஆகலியா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து தாளைத் தூக்கிக் காட்டினேன். "புரூஃப் காட்டித்தான் அடிச்சேன். ஐயா கையெழுத்துப் போட்டிருக்காங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆணியின் முகம் சிவந்தது. போதகர் மைக்கைப் பிடித்தபடி ஆணியைப் பார்த்தார்.

அக்கா அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவளுக்கும் அதுவரை தெரியாது என்று பிறகு சொன்னாள். எழுந்தாள். நடந்தாள். அத்தான் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய், பீடத்துக்கு முதுகு காட்டி, சபையைப் பார்த்து நின்றாள்.

"எல்லாரும் பைபிள மூடுங்க" என்றாள்.

அது வகுப்புக் குரல். மைக் தேவைப்படாத குரல். மீசை வைத்த ஆண்களும், பிள்ளை பெற்ற பெண்களும், பாடகர் குழுவில் பாதிப் பேரும் என்ன ஏது என்று யோசிக்காமல் மூடினார்கள். சிலர் நெஞ்சோடு அணைத்துக்கூடக் கொண்டார்கள்.

"தீத்து, ரெண்டு, பதினேழு." ஒரு மூச்சு விட்டாள். "தீத்து, ரெண்டு, பதினேழு. தேடு!"

படபடவென்று ஆலயம் முழுக்கப் பக்கங்கள் புரண்டன. நூறு பேராவது தேடியிருப்பார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பின்வரிசையில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு தேடினார்கள். பிறகு சத்தம் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஆணி மட்டும் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "போதும்! இது ஆலயம், பள்ளிக்கூடம் இல்ல. போய் உட்காரு!"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நின்னா வாசிக்கணும், ஐயா. நீங்க நிக்கறீங்க. கண்டுபிடிச்சிட்டீங்களா? வாசிங்க, கேக்கறோம்."

பின்வரிசையில் பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ஆணி சுற்றிலும் பார்த்தார். எல்லோருடைய மடியிலும் அந்தப் பக்கம் திறந்திருந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

அப்போது இரண்டாவது வரிசையில் சுருட்டை எழுந்தாள். அவள் புருஷன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் உட்காரவில்லை. பைபிளில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாசிம்மா" என்றாள் அக்கா.

"பதினஞ்சோட முடிஞ்சிடுது, டீச்சர். பதினேழு இல்ல."

"இல்ல" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் உங்கிட்ட இருக்குன்னு சொன்னேன். தேடிப் பாக்காம சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். எல்லாருக்கும் கேக்கணும்னுதான் இங்க வந்து சொல்றேன்." பிறகு அத்தானிடம், சண்டையே இல்லாத குரலில், "நான் வரல" என்றாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து பையை இழுத்து இடது கையில் தூக்கிக்கொண்டு நடு வழியாக வெளியே நடந்தாள். முந்தின நாள் விட்டுவந்த என் ஏணியை எடுக்க வேண்டும் என்ற ஞாபகம்கூட இல்லாமல் நானும் பின்னால் ஓடினேன்.

புதன்கிழமை கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் இருவரையும் சபையை விட்டு நீக்கியிருந்தார்கள். வேதப்புரட்டர்களாம். ஆதாரமாக தீத்து மூன்று பத்து என்று எழுதியிருந்தது. அக்கா உடனே பைபிளை எடுத்து விரல் வைத்துத் தேடினாள்.

"அட, இது இருக்குடி!" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஆனா ஒண்ணு ரெண்டு தடவை புத்தி சொல்லிப் பாத்துட்டு அப்புறம்தான் விலக்கணும்னு போட்டிருக்கு. நமக்கு ஒரு தடவைகூட யாரும் சொல்லலையே. இன்னும் ரெண்டு கடுதாசி போடச் சொல்லி பதில் எழுது."

எழுதினேன். புரூஃபும் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்தப் போகிற நேரத்தில் வாசலில் சுருட்டை நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் அவள் மகள். உள்ளே வராமல் பேனர் மாதிரிகளைப் பார்க்கிற மாதிரி நின்றாள்.

"டீச்சர் இருக்காங்களா?"

நான் கூப்பிடுவதற்குள் அக்கா பாதிப் படி இறங்கி வந்துவிட்டாள். கையில் ஒரு பாட்டில் இருந்தது, என்னிடம் திறந்து வாங்க வந்தவள். சுருட்டையையும் பையையும் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"டீச்சர், வீட்ட விட்டு வந்துட்டேன். இதப் பத்தி வேற ஏதாவது வசனம் இருக்கா? நான் இன்னும் முழுசாத் தேடிப் பாக்கல..."

அக்கா பாட்டிலைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிவந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"அப்புறம் சேர்ந்து தேடலாம்" என்றாள். "முதல்ல மேல வா."